கண்ணாடியில் கும்பிட்ட பிள்ளையார்

கோணேசப் பெருமான் என் கையைப் பிடித்து எழுத வைக்கட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேவாரக் கொப்பிக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் எங்கள் பஸ் நிலையத்துச் சாரதிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஓட்டும் பஸ்களில் முதலாளிமார் புதிதாக ஒரு சின்னக் கமெராவைப் பூட்டியிருக்கிறார்களாம். அது ரோட்டைப் பார்ப்பதில்லை, சாரதியின் முகத்தைத்தான் பார்க்கிறது. கண் கொஞ்ச நேரம் விலகினால் கீச்சுக் கீச்சென்று கத்துமாம்.

“கொட்டாவி விட்டாலும் கத்துது ஐயா. என்ர மனுசிகூட இப்பிடிக் கத்திறேல்லை,” என்றார் மோகன்.

“உன்ர மனுசி கத்திறதுக்கு நீ வீட்டில நிண்டால்தானே,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சிரித்து முடிந்ததும் மோகன் கேட்டார்: “ஐயா, கண் ரோட்டில இருக்குது, மனம் வேற எங்கயோ போட்டுது எண்டால், அதை இந்தப் பெட்டி கண்டுபிடிக்குமோ?”

அன்று நான் சரியான மறுமொழி சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, சாரதிகள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சொல்லிப் போனார்கள். ஆகவே எழுதுகிறேன். நான் செய்த பிழையை ஒரு அப்பாவி மனிதர் தன் தலையில் சுமந்துகொண்டு படுத்திருந்த கதை இது. ஊரில் பலருக்கும் இதன் வால் தெரியும், தலை தெரியாது.

துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றும் லொறியில் கிளீனராகச் சேர்ந்து, லொறி கழுவி, டயர் மாற்றி, பிறகு லைசன் எடுத்து, கடைசியில் குச்சவெளிப் பாதையில் தனியார் பஸ் சாரதியானேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சண்டைக் காலத்தில் ஓடியதைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது மனம் எங்கும் போகாது. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏற வேண்டும், குழிக்குக் குழி பஸ் குலுக்கும். பயமும் குழியும் மனிதனை முழிப்பாகத்தான் வைத்திருந்தன. பிறகு அமைதி வந்தது. குழியே இல்லாத கார்ப்பெட் ரோட் வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மனம் போகத் தொடங்கியது.

அந்த ரோட்டை அறிந்தவர்களுக்கு விளங்கும். உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிக்கு வந்தால் இடப்பக்கம் உப்பளத்துப் பாத்திகளில் வானம் இறங்கிக் கிடக்கும். வலப்பக்கம் பனைகளுக்கு இடையில் கடல் விட்டு விட்டுத் தெரியும். முன்னால் ரோட் வெயிலில் உருகித் தண்ணீர் போல ஆடும். இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறும்போது எனக்குப் பல நாள் பஸ் நிற்பது போலவும், நீரும் மரமும்தான் என்னைக் கடந்து போவது போலவும் இருக்கும். இயந்திரச் சத்தம் காதுக்கு வெளியே போய்விடும். செத்துப்போன அப்பா பக்கத்தில் வந்து இருந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பார். நான் இல்லையென்பேன். அவர் சிரிப்பார். பார்த்தால் கும்புறுபிட்டி வந்திருக்கும். பாலத்திலிருந்து அதுவரை யார் ஓட்டினார்? என் கையும் காலும்தான் ஓட்டியிருக்கும். நான் அங்கே இல்லை.

ஒருநாள் ஒரு ரீச்சர் பின்னாலிருந்து எழும்பி வந்தார்.

“அண்ணை, மூண்டு தரம் மணி அடிச்சனான்! என்ர பள்ளிக்கூடம் அங்க பின்னால போகுது!”

“ரீச்சர், சாரதி இப்ப கொழும்பில நிக்கிறார். நீங்கள் இறங்கி ஓடுங்கோ,” என்று யாரோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இந்த வியாதியை எங்கள் நிலையத்தில் ஒருவர் மட்டும் வியாதி என்று அறிந்திருந்தார். அவர் டைம் கீப்பர் ரஹீம் நானா, கிண்ணியாக்காரர். வேப்ப மரத்தின் கீழ் ஒரு மேசை, ஒரு கதிரை, சாரதிகள் இருக்க ஒரு மர வாங்கு, ஒரு வெள்ளைத் தொப்பி. பஸ் புறப்பட அனுமதிக்கும் பயணத் தாளை வாங்க சாரதி தானே நேரில் போக வேண்டும். கண்டக்டரை அனுப்பினால் கொடுக்க மாட்டார். தாளை மேசையில் வைத்து அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு கேட்பார்:

“இண்டைக்கு வீட்ட என்ன கதை?”

என்ன சொன்னாலும் தலையாட்டுவார். பிறகு திடீரென்று, “உங்களுக்குப் பின்னால நிக்கிறவர் என்ன நிறச் சேட்டு?” என்பார். திரும்பிப் பார்க்கக் கூடாது. அவரைத் தாண்டித்தானே வந்தோம், பார்த்திருக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால், “அந்த வாங்கில பத்து நிமிசம் இருங்க,” என்று தாளை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். பஸ்ஸில் ஏறியிருக்கும் சனம் சத்தம் போடும். ரஹீம் நானா எழும்பிப் போய், “சாரதிக்கு வயித்துவலி, கொஞ்சம் பொறுங்க,” என்று சொல்லிவிட்டு வருவார். குச்சவெளிப் பாதைச் சாரதிகள் எல்லோருக்கும் வயிறு சரியில்லை என்று அந்த நாட்களில் ஒரு பேர் இருந்தது.

ஒருமுறை நான் மனைவியுடன் சண்டை பிடித்துவிட்டு வந்து நின்றேன். முகத்தைச் சாந்தமாகத்தான் வைத்திருந்தேன். சேட்டு நிறமும் சரியாகச் சொன்னேன்.

“கையக் காட்டுங்க,” என்றார்.

விரித்தேன். பஸ் சாவியின் பல் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“சாவிய இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கிறீங்களே, அது என்ன, உங்கள விட்டுட்டு ஓடிப் போயிருமா?” என்றார். வாங்கில் இருந்தேன்.

கோபக்காரனுக்குக் கால் பாரம், கவலைக்காரனுக்குக் கண் பாரம் என்பது அவருடைய கணக்கு. கோபத்தோடு ஓட்டுபவன் ரோட்டைப் பார்ப்பான், ஆனால் மிதிப்பான். கவலையோடு ஓட்டுபவன் மிதிக்க மாட்டான், ஆனால் பார்க்க மாட்டான். இரண்டையும் அவர் தூரத்தில் வரும்போதே கண்டுபிடிப்பார். மூன்றாவதாக ஒன்று இருப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் மகள் கௌரிக்குச் செவ்வாய் தோஷம். ஐந்து வருசமாக வந்த சாதகங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. நாங்கள் போகாத கோயில் இல்லை. ஒருநாள் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் போனில் கோல் எடுத்து, எல்லாம் பொருந்துகிறது, கலியாணத்துக்கு நாள் பாருங்கள் என்றார்கள். மனைவி சாமியறைக்குள் போய் விளக்கின் முன்னால் இருந்து அழுதா. நான் அழவில்லை. ஆனால் மறுநாள் வேலைக்குப் போனபோது என் கால் நிலத்தில் பட்டதாக எனக்கு நினைவில்லை.

முதல் ஓட்டத்தை மற்றச் சாரதி முடித்துவிட்டிருந்தார். இரண்டாவது ஓட்டம் எனக்கு. நான் ஒரு பை கற்கண்டோடு வேப்ப மரத்தடிக்குப் போனேன்.

“நானா, மகளுக்குச் சரிவந்திட்டுது!”

“மாஷா அல்லாஹ்!” என்று ரஹீம் நானா எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை எந்த ஊர், என்ன தொழில், எத்தனை சகோதரம் என்றெல்லாம் கேட்டார். பிறகு இரண்டு கையாலும் பயணத் தாளை எடுத்துத் தந்தார். சேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என் கையையும் பார்க்கவில்லை.

அந்தக் காலை வெயில் இளம் மஞ்சளாக இருந்தது. கடல் அசையவில்லை. நான் சாம்பல்தீவில் பந்தல் போட்டேன். நிலாவெளியில் வாழை கட்டினேன். உப்பளத்தருகே கௌரி கூறைச்சேலையோடு வந்து காலில் விழுந்தாள். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று தெரியாது. கண்டக்டர் செல்வம் மணி அடித்தால் நின்றேன், அடித்தால் எடுத்தேன்.

நிலாவெளி தாண்டிக் கடல் பக்கமாக, பனை வடலிக்குள் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பேர் வேண்டாம். அந்தப் பாதையில் ஓடும் சைவச் சாரதிகள் எவரும் அவரைக் கும்பிடாமல் கடப்பதில்லை. முதல் ஓட்டத்தில் பஸ்ஸை நிற்பாட்டி, கண்டக்டர் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, திருநீறு கொண்டுவந்து சாரதியின் நெற்றியிலும் ஸ்டேரிங்கிலும் பூசுவார். மற்ற ஓட்டங்களில் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போவோம்.

அன்று நான் அந்தக் கோயிலைக் காணவேயில்லை. கடந்து கொஞ்சத் தூரம் போன பிறகுதான் நினைவு வந்தது. என் பிள்ளைக்கு வாழ்வு கொடுத்த பிள்ளையாரை, எல்லா நாளும் கும்பிட்டுவிட்டு, இந்த ஒரு நாள் கும்பிடாமல் வந்துவிட்டேனே! பஸ்ஸை ஓரங்கட்டி நிற்பாட்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. வலப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கோயிலின் சின்னக் கோபுரம் தெரிந்தது, ஒரு விரல் அளவு, கடல் வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டு, தூரத் தூரப் போய்க்கொண்டு. நான் ஸ்டேரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது மிகவும் அமைதியான நேரமாக இருந்தது.

“அண்ணை!” என்று செல்வம் கத்தினார்.

அந்தப் பழைய பஸ்ஸின் ஸ்டேரிங் வலப்பக்கம் இழுக்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பஸ் ரோட்டின் நடுவைத் தாண்டி மற்றப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் மீன் பெட்டி கட்டியது. நான் இடப்பக்கம் வெட்டினேன். பஸ் என் பக்கத்துக்கு வந்து, ரோட்டை விட்டு இறங்கி, மணலில் புதைந்து நின்றது. மோட்டார் சைக்கிள் மற்றப் பக்கத்து மணலில் இறங்கிப் பனங்குற்றியில் மோதியது.

இறங்கி ஓடினேன். மணல் முழுக்கச் சூடை மீன் பளபளத்துக் கிடந்தது. நடுவில் மீன்காரர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். குச்சவெளித் தவராசா. அந்தப் பாதையில் தினமும் எதிரே வருபவர், தலையசைத்துக் கொள்வோம். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கால் முறிந்திருந்தது. தலையிலும் அடி.

பஸ்ஸில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நான் வெட்டிய பிறகுதான் எல்லோரும் முன்னால் பார்த்தார்கள். ஆகவே அவர்கள் கண்டது ஒரு மோட்டார் சைக்கிளையும், பஸ்ஸைக் காப்பாற்றிய ஒரு சாரதியையும்தான்.

“இந்த மீன்காரர் எல்லாரும் இப்பிடித்தான், பறக்கிறாங்கள்.”

“கோயிலடியில நடந்ததைப் பாத்தீங்களோ? பிள்ளையார்தான் ஐயாவின்ர கையில வந்து ஸ்டேரிங்கைப் பிடிச்சவர்.”

ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

செல்வம் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். அவர் மட்டும்தான் கண்டவர். “அண்ணை, நான் ஒண்டும் காணேல்லை. நீங்களும் ஒண்டும் கதைக்காதேங்கோ. மகளின்ர கலியாணத்தை யோசியுங்கோ.”

யோசித்தேன். பொலிசில் நான் சொன்னது இதுதான்: மோட்டார் சைக்கிள் எதிரே வந்தது, நான் இடப்பக்கம் வெட்டினேன், பஸ் மணலில் இறங்கியது. ஒரு சொல்லும் பொய்யில்லை. பொலிஸ் சாஜன் எழுதி முடித்து என் முதுகில் தட்டினார். தவராசாவுக்குத் தலையில் பட்ட அடியில் அந்த நேரம் ஒன்றும் ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டபோது, “பஸ்காரர் கனகாலம் ஓடுறவர், அவர் பிழை விடமாட்டார். நான்தான் யோசினையில வந்திட்டன் போல,” என்று கையெழுத்து வைத்துவிட்டாராம். கவனமில்லாமல் ஓட்டியதாக வழக்கு அவர் மேல் போகவிருந்தது. லைசன் பறிபோகும் என்றார்கள். மோட்டார் சைக்கிள் இல்லாத மீன்காரர் என்ன செய்வார்? எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே இருந்தேன். சாமியறைக்குள் போவேன், விளக்கேற்றுவேன், படத்தை நிமிர்ந்து பார்க்க ஏலாது.

வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலில் எனக்குக் காளாஞ்சி கொடுத்துக் கௌரவிக்க வேண்டும் என்று கோயில்காரர் கூப்பிட்டார்கள். மறுத்தேன். மனைவி, பிள்ளையார் தருவதை மறுக்கக் கூடாது என்றா. போனேன். பூசை முடிந்து ஐயர் தட்டைத் தந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு மாலை. திரும்பியபோது ஒரு பெண் முன்னால் வந்து நின்றா. தவராசாவின் மனைவி புவனா. கணவரின் காலுக்காகத் தேங்காய் உடைக்க வந்தவ.

“அண்ணை, உங்கட பஸ்ஸில அத்தனை சீவன் இருந்ததாம். அவர் செய்த பிழைக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். வழக்கில கொஞ்சம் இரங்கிக் கதையுங்கோ.” அவவின் கை கூப்பியிருந்தது. என்னைப் பார்த்து.

நான் தட்டைப் படியில் வைத்தேன்.

“பிழை அவரில இல்லை தங்கச்சி. என்னில.”

“ஐயாவுக்கு நல்ல மனசு,” என்றார் கோயில் தலைவர், எல்லோருக்கும் கேட்க.

“நல்ல மனசில்லை. நான் கோயிலைக் கவனிக்காமல் கடந்திட்டன். பிறகு ரெண்டு கையையும் விட்டிட்டு, கண்ணாடியில பிள்ளையாரைக் கும்பிட்டனான். ரோட்டைப் பாக்கேல்லை. அவற்ர பக்கத்துக்குள்ள போனது என்ர பஸ்தான்.”

யாரோ சிரித்தார்கள், பகிடியென்று நினைத்து. புவனா கையை இறக்கினா. ஏசுவா என்று நினைத்தேன். மெல்லத்தான் சொன்னா:

“இவ்வளவு நாளும் அந்த மனுசன் தன்னைத்தானே ஏசிக்கொண்டு கிடக்குது, அண்ணை.”

அங்கிருந்து நேராக வேப்ப மரத்தடிக்குப் போனேன். ரஹீம் நானா முழுவதையும் கேட்டார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டு எழும்பினார்.

“நீங்க சந்தோசமா வந்தீங்க. நான் ஒண்டுமே கேக்கல்ல. வாங்க, பொலிசுக்கு ரெண்டு பேரும் போவம்.”

என் வாக்குமூலத்தைச் சாஜன் புதிதாக எழுதினார். இந்த முறை முதுகில் தட்டவில்லை. தன்னுடையதையும் எழுதச் சொன்னார் ரஹீம் நானா.

“நீங்க பஸ் ஓட்டல்லயே நானா. இதுக்கு என்ன சட்டம்?”

“சட்டம் இல்லாட்டி என்ன, தாள் இரிக்கிதானே? எழுதுங்க.”

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். லைசனை ஆறு மாதம் நிறுத்தினார்கள். தவராசா மேல் வழக்கு இல்லாமல் போனது. முதலாளி, “உங்கட நேர்மைக்கு என்ர பஸ்ஸோ கிடைச்சது?” என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். சம்பந்தி வீட்டார் கலியாணத்தைத் தள்ளி வைத்தார்கள். கைவிட்டுவிடுவார்களோ என்று நாங்கள் கலங்கியிருந்த அந்த மாதங்களில் கௌரி என்னிடம் ஒரு சொல் குறை சொல்லவில்லை. எனக்கு அது சுலபமாக இருக்கவில்லை. பிறகு கலியாணம் நடந்தது, பிள்ளையாரின் கிருபையால் நன்றாக இருக்கிறாள்.

வழக்கு முடியுமுன் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத் தவராசாவைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொண்டுபோன தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மோகனின் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அந்தப் பெட்டி கண்ணைப் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டில் நல்ல செய்தி வந்த நாளில் அதை மட்டும் நம்ப வேண்டாம். கவலையை நாங்கள் காவல் காக்கிறோம், சந்தோசத்தைக் காவல் காப்பதில்லை. அது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடும். நான் அதன்பிறகு மனம் போகிறது என்று தெரிந்தால் கண்ட கண்ட பொருளை வாய்விட்டுச் சொல்லுவேன்: மாடு, சைக்கிள், குடை, வளைவு. சனம் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். கடவுளை நினைக்க வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பஸ்ஸை நிற்பாட்டிவிட்டு நினையுங்கள்.

லைசன் திரும்பக் கிடைத்ததும் முதலாளி என்னைத் திரும்ப எடுத்தார், ஆள் கிடைக்காதபடியால். முதல் கிழமையே, குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு வரும் காலை ஓட்டத்தில், தவராசா தடியூன்றி ஏறினார். கிளினிக் நாள். செல்வம் ஓடிப்போய்ப் பின்னால் நல்ல இருக்கை ஒன்றைக் காட்டினார்.

“வேண்டாம் தம்பி. எனக்கு முன்னுக்கு இருக்கவேணும். இந்த ஆளை நான் பாக்கவேணும்.”

எனக்கு இடப்பக்கம், பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு அருகில் இருந்தார். தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். கும்புறுபிட்டி போனது, பாலம் போனது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பனை வடலி தெரியத் தொடங்கியது. நான் வேகத்தைக் குறைத்தேன். கையைத் தூக்குவதா விடுவதா என்று தெரியாமல் என் இடக்கை ஸ்டேரிங்கை விட்டுக் கொஞ்சம் எழும்பி, திரும்பவும் அதைப் பிடித்தது. அவர் அதையும் கண்டிருக்க வேண்டும்.

“கையை எடுக்காதேங்கோ அண்ணை. நீங்கள் ரோட்டைப் பாருங்கோ. உங்களுக்கும் சேத்து நான் கும்பிடுறன்.”

அவர் இரண்டு கையையும் தூக்கியிருப்பார். மடியிலிருந்த தடி விழுந்து உருளும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.